சின்னஞ்சிறு தீவின் பெருமகன் எரால் பாரோ

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கிரிக்கெட் ஆட்டத்தில் நாட்டமுள்ளவர்க்குக் கார்பீல்டு சோபர்ஸ் என்னும் பெயரைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாரல், வீக்ஸ், வால்காட் ஆகிய மூவரையும், பின்னாளில் மால்கம் மார்ஷலையும் ஜோயல் கார்னரையும் உலகுக்குத் தந்ததும் அவர் பிறந்த அதே சிறு தீவுதான். அதன் பெயர் பார்படாஸ். ஆனால் இவர்கள் அனைவரும் உலக அரங்கில் ஆடியது பார்படாஸ் அணிக்காக அன்று. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக. மேற்கிந்தியத் தீவுகள் என்றொரு நாட்டை உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. பல தீவுகள், பல கொடிகள், பல அரசுகள். ஆட்டத்திற்கு மட்டும் ஓர் அணி!

ஒரே அணியாக ஆட முடிந்தவர்களால் ஒரே நாடாக வாழ முடியாமற் போனது ஏன்? தனித்தனியே நிற்கும் இத்தனை சிறிய நாடுகள் தம்மைத் தாமே காத்துக்கொள்வது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பார்படாஸ் நாட்டின் முதல் பிரதமர் எரால் வால்டன் பாரோ. நம் நாட்டில் அவர் பெயர் அவ்வளவாக அறியப்படவில்லை. கரீபியன் கடலில் அவர் பெயரை அறியாத தீவில்லை.

பிறப்பும் குடும்பமும்

பார்படாஸ் தீவின் நீளம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். அகலம் 23 கிலோமீட்டர். காலையில் மிதிவண்டியில் ஒரு கரையிலிருந்து கிளம்பினால் உச்சிப்பொழுதிற்குள் மறுகரையை அடைந்துவிடலாம். 1627-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். 1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலமும் வாக்குரிமையும் நெடுங்காலம் தோட்ட முதலாளிகளின் கையிலேயே இருந்தன. ஆங்கில நடையுடை பாவனைகள் வேரூன்றிய அத்தீவைக் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தனர்.

அத்தீவின் வடகோடியில் உள்ள செயின்ட் லூசி வட்டாரத்தில் 1920-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21-ஆம் நாள் பாரோ பிறந்தார். தந்தையார் ரெஜினால்டு பாரோ ஒரு பாதிரியார். மனத்தில் பட்டதை அஞ்சாமல் சொல்பவர். அமெரிக்க ஆட்சியிலிருந்த செயின்ட் குரோய் தீவில் பணியாற்றியபோது ஆட்சியாளரைக் கண்டித்தமையால் அத்தீவிலிருந்தே வெளியேற்றப்பட்டவர். தாய்மாமன் சார்லஸ் டங்கன் ஓநீல், மருத்துவம் படித்துத் திரும்பி, 1924-இல் ஏழைகளுக்காக ஓர் அரசியல் இயக்கத்தைத் தொடங்கியவர். தமக்கையார் நீட்டா பாரோ செவிலியராகப் பணி தொடங்கிப் பிற்காலத்தில் நாட்டின் ஆளுநர் தலைவராகவே உயர்ந்தவர். இப்படிப்பட்ட வீட்டில் அரசியல், சோற்றோடு சேர்த்தே ஊட்டப்பட்டிருக்கும் என்பதில் வியப்பென்ன?

வானில் கற்ற பாடம்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940-இல் பாரோ பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். ஐரோப்பாவின் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட தாக்குதல்களில் பறந்தார். அவர் ஏற்ற பொறுப்பு விமானத்தை ஓட்டுவதன்று. வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் பணி.

இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு இப்பணியின் அருமை எளிதில் விளங்கும். விமானத்தின் மூக்கு ஒரு திசையை நோக்கும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு திசைவேகங்களையும் கூட்டிப் பார்த்தால்தான் விமானம் உண்மையில் எங்கே போகிறது என்பது தெரியும். காற்றை நிறுத்த யாராலும் இயலாது. அது எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப மூக்கைத் திருப்பலாம். சிறு நாட்டின் அரசியலும் இதுவே. வல்லரசுகள் என்னும் காற்று வீசிக்கொண்டே இருக்கும். அதன் போக்கில் மிதப்பதா, கணக்கிட்டுத் தன் வழியே செல்வதா என்பதே கேள்வி.

போர் முடிந்தபின் லண்டன் பொருளியல் கல்லூரியில் பயின்றார், சட்டமும் படித்தார். குடியேற்ற நாடுகள் பலவற்றிலிருந்து வந்திருந்த இளைஞர்கள், தத்தம் நாட்டின் விடுதலையைப் பற்றிப் பேசிப் பொழுது புலர்ந்த காலம் அது. பிற்காலத்தில் ஜமைக்காவின் பிரதமரான மைக்கேல் மான்லியும் அந்நாளில் அக்கல்லூரியில் பயின்றவரே.

1950-இல் பாரோ தாயகம் திரும்பினார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தபின் நடந்த 1951-ஆம் ஆண்டின் முதல் தேர்தலில், கிரான்ட்லி ஆடம்சின் தொழிற்கட்சி சார்பில் சட்டமன்றம் புகுந்தார். அக்கட்சியின் வேகம் போதவில்லை என்று கருதி வெளியேறி, 1955-இல் தோழர்களுடன் ஜனநாயகத் தொழிற்கட்சியைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார். துவண்டுவிடவில்லை. 1958-இல் செயின்ட் ஜான் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் மன்றம் புகுந்தார். 1961-இல் அவர் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

உடைந்த கூட்டாட்சி

அவர் ஆட்சிப் பொறுப்பேற்ற நேரம் ஒரு பெரிய கனவு கலைந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனின் கரீபியன் குடியேற்றங்கள் பத்தினை இணைத்து 1958-ஆம் ஆண்டு சனவரியில் மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைக்கப்பட்டிருந்தது. மேலே சொன்ன கிரான்ட்லி ஆடம்சே அதன் பிரதமர். ஆயினும் கூட்டாட்சிக்கென்று வலுவான வரி வருமானம் இல்லை. மக்கள் நெஞ்சில் இடமும் இல்லை. பெரிய தீவாகிய ஜமைக்கா, சிறிய தீவுகளைத் தான் சுமக்க நேருமோ என்று அஞ்சியது. 1961 செப்டம்பரில் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகினர். டிரினிடாடும் விலகியது. 1962 மே 31-இல் கூட்டாட்சி கலைக்கப்பட்டது.

எஞ்சிய எட்டுத் தீவுகளையாவது சேர்த்து ஒரு நாடாக்க முடியுமா என்று பாரோ மூன்றாண்டுகளுக்கு மேல் பேச்சு நடத்தினார். கிரனடா டிரினிடாடோடு சேரலாம் என்று நழுவியது. மற்றவர்களுக்குள் செலவைப் பங்கிடுவதில் பூசல். ஒரு தீவின் தலைவர் தம் நாற்காலியை இன்னொரு தீவுக்கு விட்டுக்கொடுக்க மனம் ஒப்புவதில்லை. அடிமை விலங்கு பூட்டிய கை ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு தீவுக்கும் தன் கரை, தன் தேவாலயம், தன் பள்ளி, தன் பெருமை என்று தனி உணர்வு வளர்ந்துவிட்டது. 1965-இல் அம்முயற்சியும் முறிந்தது. பாரோ தனிவழி செல்ல முடிவு செய்தார்.

1966 நவம்பர் 30-ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. நீலமும் பொன்னிறமும் கலந்த கொடி ஏறியது. நடுவே கடலரசனின் முச்சூலம். ஆனால் அதன் அடிப்பிடி முறிந்திருக்கும். பழைய ஆட்சியிலிருந்து முறித்துக்கொண்டோம் என்பதன் அடையாளம் அது. அடுத்த திங்களே ஐக்கிய நாடுகள் அவையில் பார்படாஸ் இடம்பெற்றது. அங்கே பாரோ தம் நாட்டின் கொள்கையை உலகறியச் சொன்னார். எல்லா நாடுகளோடும் நட்பாக இருப்போம். எந்த நாட்டையும் துணைக்கோளாகச் சுற்றி வரமாட்டோம் என்பதே அதன் சாரம்.

பள்ளியும் சந்தையும்

விடுதலை என்பது கொடியோடு முடிந்துவிடுவதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். விடுதலைக்கு முன்பே, 1962-இல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கினார். அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் விரிந்தது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கிளையும் அதே 1963-இல் பார்படாசில் தொடங்கியது. கரும்பு வெட்டுபவன் மகன் கரும்பே வெட்டவேண்டும் என்ற விதி மாறியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்போன்றோர்க்கு, அவர் வாழ்வில் மற்றெல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது இந்தப் பகுதியே. கட்டண ரசீது என்னும் காகிதம் எத்தனை தலைமுறைகளின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது என்பதைப் பட்டவர்களே அறிவர்.

நாடுகளை அரசியலால் இணைக்க முடியாவிட்டால் சந்தையால் இணைப்போம் என்று அவர் அடுத்த அடி எடுத்துவைத்தார். 1965 டிசம்பரில் ஆன்டிகுவாவில், கயானாவின் பர்ன்ஹாமும் ஆன்டிகுவாவின் வியர் பேர்டும் பாரோவும் கூடித் தடையற்ற வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1968-இல் அது நடைமுறைக்கு வந்தது. கரீபியன் வளர்ச்சி வங்கி 1970-இல் பார்படாசில் தன் பணியைத் தொடங்கியது. 1973 சூலை 4-ஆம் நாள் டிரினிடாடிலுள்ள சகுவராமசில் பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட் ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் கரீபியன் சமூகத்தை நிறுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். சகுவராமஸ் எத்தகைய இடம்? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைத் தளமாக்கப்பட்ட இடம். அதைத் திரும்பப் பெறவே டிரினிடாட் மக்கள் போராட நேர்ந்தது. அன்னியர் படை தங்கிய இடத்தில் தீவுகள் தமக்குள் கைகோத்தது வரலாற்றின் அழகன்றோ!

வல்லரசுகளின் நடுவே

கியூபாவை அமெரிக்கா ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1972 டிசம்பரில் இந்த நான்கு சிறிய நாடுகளும் ஒருசேரக் கியூபாவுடன் தூதுறவு கொண்டன. தனியாக ஒரு நாடு செய்திருந்தால் நெருக்குதல் தாங்காது முறிந்திருக்கும். நால்வர் கூடிச் செய்ததால் முடிந்தது. சிறியோர்க்குப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1975-இல் அங்கோலாவுக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கியூப விமானங்கள் பார்படாசில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. அவ்வாண்டு இறுதியில் பாரோ அதை நிறுத்த நேர்ந்தது. காற்று பலமாக வீசும்போது நேவிகேட்டரும் சற்று வளைந்தே செல்லவேண்டியிருக்கிறது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. கறுப்பின எழுச்சி இயக்கம் கரீபியனில் பரவியபோது, 1970-இல் பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். விடுதலைக்குக் குரல் கொடுத்தவரே பேச்சுக்குத் தடை போடலாமா என்று கேட்டவர் உண்டு. அரசமைப்பில் 1974-இல் அவர் செய்த திருத்தங்களும் கண்டனத்திற்கு ஆளாயின. 1976 செப்டம்பர்த் தேர்தலில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினர். அவர் எதிர்ப்பின்றி இறங்கி எதிர்க்கட்சியில் அமர்ந்தார்.

அடுத்த திங்களிலேயே, அக்டோபர் 6-ஆம் நாள், பார்படாசிலிருந்து கிளம்பிய கியூபப் பயணிகள் விமானம் வெடிகுண்டால் சிதறிக் கடலில் வீழ்ந்தது. 73 பேர் மாண்டனர். பெரிய நாடுகளின் பகை, சிறிய தீவின் கரையில் பிணங்களாக ஒதுங்கும் என்பதை உலகம் கண்டது.

துப்பாக்கி நுழைந்த தீவுகள்

1979 மார்ச்சு 13-ஆம் நாள் விடியற்காலையில் கிரனடாவில் ஆயுதம் தாங்கிய ஒரு சிறு குழு ஆட்சியைக் கைப்பற்றியது. மாரிஸ் பிஷப் பிரதமரானார். சில பத்துப் பேர் போதும், ஒரு நாட்டின் அரசைக் கவிழ்க்க! மற்றத் தீவுகள் திடுக்கிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் செயின்ட் வின்சென்ட் நாட்டின் யூனியன் தீவில் கலகம் மூண்டது. பார்படாஸ் வீரர்களை அனுப்பி உதவியது. 1981-இல் நடந்ததோ கதையிலும் காணாத செய்தி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த வெள்ளை இனவெறியர் சிலர் படகில் சென்று டொமினிக்காவின் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டனர். நியூ ஆர்லியன்சிலேயே பிடிபட்டதால் அந்நாடு தப்பியது.

அப்போது பார்படாஸ் பிரதமராக இருந்தவர் கிரான்ட்லி ஆடம்சின் மகன் டாம் ஆடம்ஸ். அவர் 1979-இல் நிலையான பாதுகாப்புப் படையை அமைத்தார். 1982 அக்டோபர் 29-இல் பார்படாஸ், ஆன்டிகுவா, டொமினிக்கா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் ஆகிய ஐந்து நாடுகள் வட்டாரப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை உடன்பாட்டால் ஏற்படுத்தின. ஒருவர்க்கு ஆபத்து வந்தால் மற்றவர் ஓடிவர வேண்டும் என்பதே நோக்கம். ஆடம்சின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டுக்குள் கள்வன் நுழைந்தபின் பூட்டு வாங்குவோர் உண்டா?

ஓராண்டிற்குள் சோதனை வந்தது. கிரனடாவின் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தது. 1983 அக்டோபர் 19-இல் பிஷப்பும் அவர் தோழர் சிலரும் தம் நாட்டுப் படைவீரர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆறாம் நாள் அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கில் வந்திறங்கியது. பார்படாஸ் விமான நிலையம் அதற்குத் தளமாயிற்று. பார்படாஸ், ஜமைக்கா, கிழக்குத் தீவுகள் சில இவற்றின் வீரர்கள் ஏறத்தாழ 300 பேர் உடன் சென்றனர். டிரினிடாடும் கயானாவும் எதிர்த்தன. கரீபியன் சமூகமே இரண்டாகப் பிளந்தது. நவம்பர் 2-இல் ஐ.நா. பொதுப்பேரவை 108 வாக்குகளுக்கு 9 என்ற கணக்கில் இப்படையெடுப்புக்கு வருத்தம் தெரிவித்தது.

பார்படாஸ் மக்களிற் பெரும்பாலோர் அன்று படையெடுப்பை வரவேற்றனர். எதிர்க்கட்சியில் இருந்த பாரோ அதை எதிர்த்தார். பிஷப்பைக் கொன்றவர்களுக்கு அவர் பரிந்து பேசவில்லை. அண்டை வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஊருக்கு வெளியே இருக்கும் பெருந்தனக்காரரை அழைத்தால், நாளை அவர் எவ்வீட்டுக் கதவையும் தட்டாமலே திறப்பார் என்பதே அவர் அச்சம். வாக்கு வேண்டுவோர் மக்கள் விரும்புவதைச் சொல்வர். தலைவர் என்பவர், கசந்தாலும் தமக்கு மெய்யென்று பட்டதைச் சொல்வார்.

மீண்டும் ஆட்சியில்

1985 மார்ச்சில் டாம் ஆடம்ஸ் பதவியில் இருந்தபடியே மறைந்தார். 1986 மே 28-ஆம் நாள் நடந்த தேர்தலில் பாரோவின் கட்சி 27 இடங்களில் 24-ஐ வென்றது.

அதற்குள் கிழக்குத் தீவுகள் பலவற்றின் காவல்துறையில் அமெரிக்கப் பயிற்சியும் ஆயுதமும் பெற்ற தனிப்பிரிவுகள் தோன்றியிருந்தன. வட்டாரப் பாதுகாப்பு அமைப்பை முழு ஒப்பந்தமாக்கி நிரந்தரப் படையாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சும் நடந்துவந்தது. பாரோ அதற்கு உடன்படவில்லை. செயின்ட் வின்சென்டின் பிரதமர் ஜேம்ஸ் மிட்செலும் மறுத்தார். பாரோ அந்த அமைப்பைக் கலைத்துவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது இருந்த அளவிலேயே இருக்கட்டும் என்றார். சூலைத் திங்களில் கயானாவின் ஜார்ஜ்டவுனில் கூடிய கரீபியன் தலைவர்கள் மாநாட்டில், இக்கடல் அமைதி மண்டலமாக விளங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவர் கணக்கு எளிமையானது. கிரனடாவின் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். இத்தகைய தீவு எத்தனை துப்பாக்கி வாங்கினாலும் வல்லரசை எதிர்க்க முடியாது. ஆகவே அத்துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும்? சொந்த மக்களை நோக்கித்தான். பிஷப் தம் நாட்டுப் படையின் குண்டுக்கே இரையானதைவிட இதற்கு வேறு சான்று வேண்டுமா? அன்றியும், படைக்குக் கூலி கொடுப்பவன் எவனோ அவனே படைக்குத் தலைவன். அமெரிக்கப் பணத்தில் வளரும் வட்டாரப் படை, வட்டாரத்தின் படையாக எப்படி இருக்க முடியும்?

சென்று சேர்ந்த கரை

ஆட்சியேற்று ஓராண்டு நிறைந்த சில நாட்களில், 1987 சூன் 1-ஆம் நாள், தம் இல்லத்திலேயே பாரோ திடீரென்று காலமானார். அகவை 67. அவர் உடலின் சாம்பல் கரீபியன் கடலில் தூவப்பட்டது. பிறந்த நாளாகிய சனவரி 21, பார்படாசில் அரசு விடுமுறையாயிற்று. 1998-இல் நாட்டின் வீரர்களுள் ஒருவராக அறிவிக்கப்பட்டார். ஐம்பது டாலர்த் தாளில் அவர் முகம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் ஏற்றிய கொடியின் கீழ், 2021 நவம்பர் 30-இல் பார்படாஸ் குடியரசாயிற்று.

அவர் சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. 1996-இல் வட்டாரப் பாதுகாப்பு அமைப்பு முழு ஒப்பந்தமாகவே கையெழுத்தாயிற்று. 1990-இல் டிரினிடாடில் கலகக்காரர்கள் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றியபோது, அண்டை வீரர்களின் துணை தேவைப்பட்டதும் உண்மை. ஆடம்சின் அச்சமும் வீண் அச்சமன்று என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் அந்த அமைப்பின் பெரும்பணி என்னவாயிற்று? 1989-இல் ஹ்யூகோ புயல், 2004-இல் கிரனடாவைச் சூறையாடிய இவான் புயல். போதைப்பொருள் கடத்தும் படகுகள். கடலில் காணாமற்போவோரைத் தேடுதல். வீரர்கள் தூக்கிச் சென்றது பெரும்பாலும் குடிநீரும் கூரைத் தகடும். 1979-இல் கலகம் மூண்ட அதே யூனியன் தீவை 2024 சூலை முதல் நாள் பெரில் புயல் தாக்கியது. வீடுகளிற் பெரும்பாலானவை கூரையிழந்தன. எந்தக் கலகக்காரனாலும் செய்ய முடியாத அழிவைக் காற்று சில மணி நேரத்தில் செய்து முடித்தது. பகைவன் யார் என்று தெரியாமல் படை திரட்டுவதில் பயனில்லை.

பகைவன் யார் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையே ஒரு நாட்டின் விடுதலை. அந்த உரிமையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டால், கொடி பறந்துகொண்டிருக்கும்; நாடு இராது. தனியே நின்றால் தளர்வோம், பெரியவர் நிழலில் நின்றால் தேய்வோம், ஒத்தவர் கூடி நின்றால் நிலைப்போம் என்பதே பாரோவின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி. தீவுகளுக்கு இடையே இருக்கும் கடல் பிரிக்கவும் செய்யும்; படகு இருந்தால் இணைக்கவும் செய்யும். பள்ளியும் சந்தையும் வங்கியுமாகிய படகுகளைக் கட்டிக் கொடுத்துச் சென்றார் அப்பெருமகன். துடுப்பு, பின்வந்தோர் கையில் இருக்கிறது.